டம்ளரைத் தட்டிவிட்ட பெரியப்பா

அறுபது வயதைத் தாண்டிய பிறகு எங்கள் பெரியப்பாவுக்கு ஒரு கெட்ட பெயர் வந்து சேர்ந்தது. சாப்பிட உட்கார்ந்தால் இலைக்கு இடப்பக்கம் இருக்கும் தண்ணீர் டம்ளரைத் தட்டிவிடுவார். நிலைப்படியில் தோள் இடித்துக்கொள்வார். திண்ணையிலிருந்து இறங்கும்போது கடைசிப் படியில் கால் தடுமாறும். "உங்களுக்கு நிதானமே போயிருச்சு" என்று பெரியம்மா ஒரு நாளைக்கு நாலு தடவை சொல்வார். கண்ணைக் காட்டலாமே என்று யாராவது வாயெடுத்தால் பெரியப்பாவுக்குக் கோபம் வந்துவிடும். "என் கண்ணுக்கு என்ன கேடு? காலையில பேப்பர் வந்தா பொடி எழுத்து வரைக்கும் நான்தானே முதல்ல படிக்கிறேன்?" அவர் சொன்னது பொய்யில்லை. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையின் கடைசி வரியை இரண்டு கண்ணாலும் தயங்காமல் படித்துவிட்டு வந்தவர்தான்.

நாலு வருடம் இப்படியே ஓடியது. பிறகு ஒரு கண் மருத்துவமனையில், பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்துப் பக்கவாட்டில் வைத்தது போன்ற ஒரு கருவிக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நேரே பார்த்தபடி இருக்க வேண்டும். எங்காவது வெளிச்சப் புள்ளி மின்னினால் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். அச்சாகி வந்த படத்தில் இடக்கண்ணின் பார்வைப் பரப்பில் முக்கால் பங்கு கருப்பாக இருந்தது. வலக்கண்ணில் ஏறக்குறையப் பாதி. நோயின் பெயர் கிளாகோமா. அந்தத் தாளைக் கையில் வாங்கிக்கொண்டு பெரியப்பா கேட்டார்: "இவ்வளவு கருப்பா இருந்தா எனக்கே தெரியாமப் போகுமா டாக்டர்?"

எங்களுக்கும் அதே கேள்விதான். கண் போவது என்றால் இருட்டிக்கொண்டு வரும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். அதற்குப் பிறகு கண் நோய்களைப் பற்றிப் படிக்கப் படிக்க, மருத்துவர்களிடம் கேட்கக் கேட்க, ஒன்று உறுதியானது. பல கண் நோய்கள் நோயாளியின் வாயிலிருந்து புகாராக வெளிவருவதற்கு வெகு முன்பே, அவருடைய நடத்தையில் வெளிவந்துவிடுகின்றன. நாம்தான் அதைக் குணக்கேடு என்று எடுத்துக்கொள்கிறோம்.

பெரியப்பாவின் கேள்விக்குப் பதிலை நீங்களே ஒரு நிமிடத்தில் கண்டுகொள்ளலாம். இடக்கண்ணை மூடிக்கொள்ளுங்கள். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, கட்டைவிரல்களை நிமிர்த்திப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். வலக்கண்ணால் இடது கட்டைவிரல் நகத்தை மட்டுமே பாருங்கள். பார்வை நகரக் கூடாது. வலது கட்டைவிரலை அதே மட்டத்தில் மெல்ல வலப்பக்கம் நகர்த்திக்கொண்டே போங்கள். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் அந்த விரலின் நுனி காணாமல் போகும். இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் திரும்ப வரும்.

விரல் மறைந்த இடத்தில் கருப்பாக ஏதாவது தெரிந்ததா? தெரிந்திருக்காது. பின்னாலிருக்கும் சுவரின் நிறமே அங்கேயும் இருந்திருக்கும். விழித்திரையிலிருந்து பார்வை நரம்பு வெளியேறும் இடத்தில் ஒளியை உணரும் செல்கள் கிடையாது. பிரான்ஸ் நாட்டு அறிவியலாளர் எட்மே மாரியோட் 1660களில் இதைக் கண்டு சொன்னார். நம் ஒவ்வொருவருக்கும் பிறந்ததிலிருந்தே ஒவ்வொரு கண்ணிலும் இந்த ஓட்டை உண்டு. அதை நாம் அறியாமல் வாழ்வதற்குக் காரணம், சுற்றிலும் இருப்பதைக் கொண்டு மூளை அந்த இடத்தை நிரப்பிவிடுவதுதான். கிழிந்த இடம் தெரியாமல் அதே நிற நூலால் இழையோட்டுவது போன்ற வேலை.

கிளாகோமாவில் இந்த ஓட்டைகள் பெருகுகின்றன. மூளையும் சளைக்காமல் நிரப்பிக்கொண்டே போகிறது. கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர் ஒன்று ஓயாமல் ஊறி, ஓரத்திலிருக்கும் சல்லடை போன்ற வடிகால் வழியாக வெளியேறுகிறது. வடிகால் அடைபடத் தொடங்கினால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறும். 10 முதல் 21 மில்லிமீட்டர் பாதரசம் வரை இயல்பு என்பது கணக்கு. அழுத்தத்தின் வேதனையெல்லாம் போய் விழுவது பார்வை நரம்பின் மேல். 10 லட்சத்துக்கும் அதிகமான இழைகள் சேர்ந்த அந்த நரம்பில் இழைகள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகின்றன. சிலருக்கு அழுத்தம் இயல்பான அளவிலேயே இருந்தும் நரம்பு கெடுவதுண்டு. ஆகவே அழுத்தத்தை மட்டும் அளந்து "நார்மல்" என்று அனுப்பினால் போதாது. கண்ணுக்குள் பார்த்து நரம்பையும் சோதிக்க வேண்டும்.

முதலில் போவது பெரும்பாலும் ஓரத்துப் பார்வை. நேர்ப்பார்வை கடைசிவரை நிலைத்திருக்கும். எழுத்துப் பலகை சோதிப்பது அந்த நேர்ப்பார்வையை மட்டும்தான். போதாததற்கு ஒரு கண்ணில் விட்டுப்போனதை மற்றக் கண் ஈடுகட்டிவிடும். பெரியப்பா பேப்பரையும் பலகையையும் வென்று, டம்ளரிடம் தோற்றது இதனால்தான். லண்டனில் கிளாகோமா நோயாளிகள் 50 பேரிடம் பல படங்களைக் காட்டி, "உங்களுக்கு உலகம் எப்படித் தெரிகிறது?" என்று கேட்ட ஆய்வு ஒன்று 2013இல் வெளியானது. பாடநூல்களில் வழக்கமாக அச்சிடப்படும், நடுவில் வெளிச்சமும் சுற்றிலும் கருப்புமான சுரங்கப் படத்தை ஒருவர்கூடத் தேர்ந்தெடுக்கவில்லை. மங்கல் என்றார்கள், சில பொருள்கள் இல்லாமல் போய்விடுகின்றன என்றார்கள். நாலில் ஒருவருக்குத் தம் பார்வையில் குறை இருப்பதே தெரியவில்லை. தமிழ்நாட்டின் கிராமங்களிலும் சென்னையிலும் நடந்த கணக்கெடுப்புகளில், இந்த நோய் இருந்தவர்களில் 10 பேரில் 9 பேருக்கு மேல் தமக்கு நோய் இருப்பதையே அறியாதவர்கள். அந்தச் சுரங்கப் படத்தை இனி எந்த விழிப்புணர்வுப் பலகையிலும் போடக் கூடாது என்பது என் கருத்து. அதைப் பார்த்தவர்கள், தங்களுக்கு அப்படிக் கருப்பு தெரியவில்லை என்பதால் நோயில்லை என்று நிம்மதியாகப் போய்விடுகிறார்கள்.

இதே நோய்க் குடும்பத்தில் திடீரென்று தாக்கும் வகை ஒன்றும் உண்டு. வடிகால் சட்டென்று மூடிக்கொள்ளும். கண் சிவந்து தாங்க முடியாமல் வலிக்கும். விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். தலைவலியோடு வாந்தி வரும். வாந்தியைப் பார்த்துவிட்டு வயிற்றுக்கு மருந்து கொடுத்துப் படுக்க வைத்துவிடுவார்கள். சில மணி நேரத்தில் கண் போய்விடக் கூடிய அவசரம் அது.

அடுத்தது, எல்லோருக்கும் தெரிந்த கண்புரை. தெரிந்த நோய் என்றாலும் அது செய்யும் மாயங்கள் பலருக்குத் தெரியாது. நம் கண்ணிலிருக்கும் வில்லைக்கு ரத்தக் குழாய் கிடையாது. அதன் நடுப்பகுதியிலுள்ள புரதங்கள் நாம் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானவை. அவற்றுக்கு மாற்று வருவதில்லை. தோல் புதிதாகிறது, ரத்தம் புதிதாகிறது, இது மட்டும் எழுபது எண்பது வருடம் அதே சரக்கோடு வேலை செய்ய வேண்டும். நாளாக ஆக அந்தப் புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கின்றன. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் கண்ணாடி போலிருந்தது எப்படி வெளுக்கிறதோ, அப்படி. ஒளி நேராகப் போகாமல் சிதறுகிறது. இரவில் எதிரே வரும் லாரியின் விளக்கு சாலை முழுவதையும் வெள்ளையாக்கிவிடுகிறது. "ராத்திரியில் வண்டி ஓட்டப் பிடிக்கவில்லை" என்று அப்பா சொன்னால், வயதானால் பயம் வந்துவிடும் என்று நினைத்துவிடாதீர்கள்.

நடுவில் பழுக்கும் புரை மஞ்சளித்துப் பழுப்பாகும். மஞ்சள் கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல நீலம் வடிகட்டப்பட்டுவிடும். கருநீலமும் கருப்பும் ஒன்றாகும். புடவைக் கடையில் "இது கருப்பு, நல்ல நாளும் அதுவுமா கருப்பு வேண்டாம்" என்று மாமியாரும், "நீலம்தான் அத்தை" என்று மருமகளும் வாதாடுவதை நானே பார்த்திருக்கிறேன். இருவரும் தாங்கள் கண்டதைத்தான் சொன்னார்கள்.

இந்தப் புரை ஒரு பொய்யான பரிசையும் தருகிறது. வில்லையின் நடு இறுகும்போது அதன் திறன் கூடும்; கிட்டப்பார்வை வந்துவிடும். அதுவரை வெள்ளெழுத்துக் கண்ணாடி போடாமல் படிக்க முடியாத பாட்டி, எழுபது வயதில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு ஊசியில் நூல் கோப்பார். "பாட்டிக்குப் பார்வை திரும்பிடுச்சு" என்று வீடே மகிழும். சில மாதங்களில் அந்த மகிழ்ச்சி போய்விடும். வில்லையின் பின்புறம் நடுவில் படியும் இன்னொரு வகை நேர் எதிராக நடந்துகொள்ளும். நல்ல வெயிலில் கண்ணின் பாப்பா சுருங்கும்போது ஒளி நுழைய அந்தப் புள்ளி மட்டுமே வழி, அங்கேதான் புரை. அதனால் பட்டப்பகலில் தடுமாறுபவர் அந்தி நேரத்தில் நன்றாக நடப்பார். வேண்டுமென்றே நடிக்கிறார் என்று அவர் மேல் பழி விழும். சர்க்கரை நோயாளிகளுக்கும் நீண்ட நாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் இது இளம் வயதிலேயே வரலாம். மருந்துக் கடையில் கண் சிவப்புக்குக் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளில் ஸ்டீராய்டு கலந்தவை உண்டு. அவற்றை மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் விட்டுக்கொண்டால் புரையும் வரும், கண் அழுத்தமும் ஏறும். ஒரே குப்பியில் இரண்டு கேடு.

இந்தியாவில் 50 வயதைக் கடந்தவர்களின் பார்வையின்மையில் 66.2 விழுக்காட்டுக்குக் காரணம் கண்புரைதான் என்றது 2015-19 தேசியக் கணக்கெடுப்பு. வேதனை என்னவென்றால், இது பெரும்பாலும் முழுமையாகச் சரிசெய்யக் கூடிய நோய். முன்பெல்லாம் கெட்ட வில்லையை எடுத்துவிட்டுச் சோடாபுட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். எல்லாம் கால் பங்கு பெரிதாகத் தெரியும். படி பக்கத்தில் வந்துவிட்டது போலிருக்கும். லண்டனில் 1949இல் ஹரால்டு ரிட்லி கண்ணுக்குள்ளேயே செயற்கை வில்லையை வைத்தார். போர் விமானிகளின் கண்ணில் புகுந்த விமானக் கூரையின் பிளாஸ்டிக் சில்லுகள், கண்ணை உறுத்தாமல் அங்கேயே கிடந்ததைக் கவனித்ததால் வந்த யோசனை அது. ஆனால் அந்த வில்லையை இறக்குமதி செய்து போட ஏழைகளால் முடியவில்லை. மதுரையில் 1976இல் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியவர் டாக்டர் கோ. வெங்கடசாமி, முடக்குவாதத்தால் கோணிப்போன விரல்களோடு அறுவை சிகிச்சை கற்றவர். அந்த நிறுவனத்தின் ஆரோலேப் 1992இல் வில்லைகளை மதுரையிலேயே செய்யத் தொடங்கிய பிறகுதான், சோடாபுட்டிக் கண்ணாடி நம் கிராமங்களிலிருந்து மறையத் தொடங்கியது.

விழித்திரையின் நடுப்புள்ளி கெடும் நோய் கிளாகோமாவுக்கு அப்படியே எதிர்ப்பக்கம். கையை நீட்டிக் கட்டைவிரலை நிமிர்த்தினால் அந்த நகம் மறைக்கும் அகலம்தான் நமக்கு உண்மையில் கூர்மையாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல், கண்ணை ஓயாமல் அங்குமிங்கும் ஓட்டித்தான் முழு உலகமும் தெளிவாக இருப்பதாக உணர்கிறோம். முதுமையில் சிலருக்கு அந்த நக அளவு இடம் பழுதாகிறது. ஓரப்பார்வை இருப்பதால் நடமாடுவார், டம்ளரைத் தட்டமாட்டார். ஆனால் எதை நேராகப் பார்க்கிறாரோ அதுதான் மறையும்: எழுத்து, ஊசி, மனித முகம். பிம்பம் நல்ல பகுதியில் விழட்டும் என்று பார்வையைச் சற்றுச் சாய்த்துப் பார்க்கப் பழகிக்கொள்வார். கல்யாண மண்டபத்தில் வணக்கம் சொல்கிறீர்கள். அவர் உங்கள் தோளுக்கு மேலே எங்கேயோ பார்க்கிறார். "முகம் கொடுத்துப் பேசவில்லை" என்று ஊர் சொல்லும். முகம் கொடுத்தால் உங்கள் முகம் அவருக்குத் தெரியாது என்பதை யார் போய்ச் சொல்வது?

இந்த நோயில் மெதுவாக வரும் வகை ஒன்று. விழித்திரைக்கு அடியில் புது ரத்தக் குழாய்கள் முளைத்துக் கசிவது மற்றொன்று. கசியும் வகையில் நேர்க்கோடுகள் வளையும். சன்னல் கம்பி நெளியும், தரை ஓடுகளின் வரிசை குழியும். இதற்கு இன்று கண்ணுக்குள் போடும் ஊசி இருக்கிறது. ஆனால் வாரக்கணக்கில் தாமதித்தால் வடு விழுந்துவிடும். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக்கொண்டு சன்னல் கம்பியைப் பார்க்கச் செலவு ஒன்றும் இல்லை. புகை பிடிப்பது இந்த நோயைப் பெருக்கும் என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன்.

இப்படி மிகவும் பார்வை குன்றியவர்கள் சிலருக்கு நடக்கும் ஒன்றை எல்லா வீடுகளும் அறிய வேண்டும். ஜெனீவாவைச் சேர்ந்த இயற்கை ஆய்வாளர் சார்லஸ் போனே 1760இல் தம் தாத்தாவைப் பற்றி எழுதினார். புரையால் கண் மங்கிய அந்த முதியவர், அறிவு தெளிவாக இருக்கும்போதே, வீட்டுக்குள் ஆண்களும் பெண்களும் நடமாடுவதையும் பறவைகளையும் கட்டடங்களையும் கண்டார். அவை நிஜமில்லை என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது. கண்ணிலிருந்து செய்தி வராமல் போன மூளைப் பகுதி தானே படம் வரைந்துகொள்கிறது. பெரியப்பாவின் ஓட்டைகளைச் சுவர் நிறத்தால் நிரப்பிய அதே மூளைதான் இங்கே ஆட்களைக் கொண்டுவந்து உட்கார வைக்கிறது. வருபவர்கள் பேசமாட்டார்கள், சத்தமே இருக்காது. பலருக்கு நாளடைவில் இது குறைந்துவிடும். ஆனால் நம் ஊரில் ஒரு பாட்டி, "கூடத்துல பட்டுப்பாவாடை கட்டின சின்னப் பிள்ளைக வரிசையா உக்காந்திருக்கு" என்று சொன்னால் என்ன நடக்கும்? வேப்பிலை வரும், மந்திரிப்பவர் வருவார். இல்லையென்றால் புத்தி பேதலித்துவிட்டது என்று அறைக்குள் வைப்பார்கள். இந்தப் பயத்தாலேயே பலர் வெளியே சொல்லாமல் தனியாகத் தவிக்கிறார்கள். "இது கண்ணால வர்றது பாட்டி, உங்க புத்தி நல்லாத்தான் இருக்கு" என்ற ஒரு வார்த்தை அவர்களுக்கு மருந்து. குரலும் கேட்கிறது, அது உண்மை என்றே அவர் நம்புகிறார் என்றால் அது வேறு. மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய் கண்ணை இரண்டு வழியில் தொடுகிறது. ரத்தச் சர்க்கரை ஏறி இறங்கும்போது வில்லையின் நீர்ச்சத்து மாறி, கண்ணாடியின் பவரே மாறும். போன மாதம் வாங்கிய கண்ணாடி இந்த மாதம் பொருந்தாது. குற்றம் கடைக்காரர் மேல் விழும். சர்க்கரை கட்டுக்குள் வந்து சில வாரங்கள் ஆன பிறகே கண்ணாடிக்கு அளவெடுக்க வேண்டும். இரண்டாவது வழி சத்தமில்லாதது. விழித்திரையின் நுண்குழாய்கள் புடைத்துக் கசியும், அடைபடும். பட்டினி கிடக்கும் விழித்திரை புதுக் குழாய்களை முளைக்க விடும். அவை ஈரத்தாள் போல எளிதில் கிழிபவை. ஒருநாள் கிழிந்தால், தண்ணீரில் மை சொட்டியது போலக் கண்ணுக்குள் கருப்புக் கோடுகள் சுழன்று இறங்கும். அதற்கு முந்தின நாள் வரை பார்வை நன்றாக இருந்திருக்கும். சென்னையில் நடந்த ஆய்வுகளில் சர்க்கரை நோயாளிகள் 100 பேரில் 18 பேருக்கு விழித்திரை பாதிக்கப்பட்டிருந்தது. 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. பெருக்கிப் பார்த்தால் தலை சுற்றும். வருடத்துக்கு ஒருமுறை பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தால், மை சொட்டுவதற்கு முன்பே லேசரால் நிறுத்த முடியும்.

மாலைக்கண்ணைப் பற்றியும் ஒரு வார்த்தை. பொழுது சாய்ந்தால் குழியில் விழும் பிள்ளைக்குக் கீரையும் ஈரலும் கொடுப்பது நம் வழக்கம். வைட்டமின் ஏ குறைவால் வந்த மாலைக்கண் அதில் சரியாகும். சரியாகவில்லை என்றால், விழித்திரையின் செல்கள் பரம்பரையாகத் தேயும் நோயாக இருக்கலாம். மாமன் மகளை, அக்கா மகளைக் கட்டும் குடும்பங்களில் இது கூடுதலாக வருகிறது. அந்தப் பிள்ளையை அடிப்பதற்கு முன் விழித்திரை மருத்துவரிடம் காட்டுங்கள். விழித்திரையில் இன்னொரு அவசரமும் உண்டு: கண்ணில் மின்னல் வெட்டுவது போலத் தெரிந்து, புதிதாகப் பூச்சிகள் பறந்து, ஒரு பக்கத்திலிருந்து திரை இறங்கினால் விழித்திரை பிய்ந்துகொண்டிருக்கலாம்; அன்றைக்கே போக வேண்டும்.

பெரியப்பாவுக்குப் போனது திரும்பவில்லை. கிளாகோமாவில் போனது போனதுதான், மிச்சத்தைக் காப்பாற்றலாம். பெரியம்மா இப்போது டம்ளரை வலப்பக்கம் வைக்கிறார், கடைசிப் படியில் மஞ்சள் வண்ணம் பூசியிருக்கிறார். நிதானம் போய்விட்டது என்று சொல்வதில்லை. பார்வைப் பரப்புப் படத்தைக் காட்டிய அன்றே மருத்துவர், "உங்க கூடப் பிறந்தவங்க எத்தனை பேர்?" என்று கேட்டார். அத்தையும் அப்பாவும் சோதனைக்குப் போனார்கள். அத்தைக்கு ஒன்றும் இல்லை. கண்ணில் எந்தக் குறையும் இல்லையென்று சாதித்துக்கொண்டிருந்த அப்பாவுக்கு இரண்டு நரம்பிலும் தேய்மானம் தொடங்கியிருந்தது. தினமும் இரவு 9 மணிக்கு ஒரு சொட்டு மருந்து. ஒன்பது வருடமாகிறது, அவருடைய படத்தில் கருப்பு கூடவில்லை.

உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், அவருடைய உடன்பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ஒருமுறை அழைத்துக்கொண்டு போங்கள். எழுத்துப் பலகையைப் படித்ததோடு எழுந்து வந்துவிடாதீர்கள். பார்வை நரம்பைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.